பங்குக்காரங்க எழுந்துக்கலாம்

பதினோரு பக்கத்தில் நான் ஒரு விதிமுறை எழுதியிருக்கிறேன். ‘நலன் முரண் விதிகள்’ என்று தலைப்பு. ஒரு விஷயத்தில் முடிவெடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே விஷயத்தில் வேறு பக்கத்திலிருந்து காசும் வருகிறது என்றால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். முன்னுரை, வரையறைகள், உட்பிரிவுகள், பின்னிணைப்பு எல்லாம் உண்டு. இளமையில் நான் தொடங்கிய நாவல்கள் எதுவும் பதினோரு பக்கத்தைத் தாண்டவில்லை என்பதால், இதைத்தான் என்னுடைய முழுமையான படைப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த விதியை மீறிய முதல் ஆளும் நான்தான்.

ராயபுரத்தில் ஒரு கப்பல் சரக்கு முகவர் அலுவலகத்தில் எனக்கு வேலை. கன்டெய்னரைக் கண்ணால் பார்க்காமலேயே அதற்குள் என்ன இருக்கிறது என்று நான்கு படிகளில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். வீடு காலடிப்பேட்டையில். தெற்கேயிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரத்தில் நிலைத்த குடும்பம் எங்களுடையது. அண்ணன்மார் கல்லாவில் உட்கார்ந்தார்கள். நான் பொட்டலம் கட்ட வாங்கிப் போட்டிருந்த பழைய பத்திரிகைக் கட்டின் மேல் உட்கார்ந்து, கட்டையே படித்துக்கொண்டிருந்தேன். இப்படி வளர்ந்தவன் சம்பளமில்லாத வேலையில் போய்ச் சிக்குவது இயற்கை. நான் கட்டற்ற மென்பொருள்காரர்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர்கள் செய்திருந்தது ஒரு கைபேசிச் செயலி. விடியற்காலை காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், எவ்வளவு வேகம், அலை எத்தனை உயரம் என்று தமிழில் சொல்லும். எண்ணூர்ப் பக்கத்து ஃபைபர் படகுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவதா, கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபண்ணுவதா என்று தீர்மானிப்பார்கள். விலை கிடையாது. விளம்பரம் கிடையாது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். செய்கிறவர்கள் எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் செய்கிறவர்கள். என் பங்கு, அதில் வரும் சொற்களைத் தமிழில் எழுதுவது. ‘மிதமான தென்கிழக்குக் காற்று எதிர்பார்க்கப்படுகிறது’ என்று நான் எழுதிய முதல் வாக்கியத்தைப் பார்த்த படகுக்காரர் ஒருவர், “இது இன்னாபா, செத்துப்போன ரேடியோ பேசுற மாதிரி கீது?” என்று கேட்டார். திருத்திக்கொண்டேன்.

முடிவுகள் எடுக்க ஐந்து பேர் கொண்ட குழு உண்டு. அதற்குத் தேர்தலும் உண்டு. எந்தக் கூட்டத்துக்கு நாம் போகவில்லையோ அந்தக் கூட்டத்தில் நம்மைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அப்படித் தேர்வானவர்களில் நான் ஒருவன். இன்னொருவர் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்காரர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. மூன்றாமவர் திருவொற்றியூரில் கல்லூரி ஒன்றில் கணினி கற்பிக்கும் பேராசிரியை. ஐந்து பேரில் நிரல் எழுதத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர். மற்றவர் ஜெர்மனியில் இருக்கும் ஒரு தம்பி. அவரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை, திரையில் உறைந்துபோன முகமாகவே பழக்கம். ஐந்தாவது ஆள் படகுக்காரர்கள் தரப்பில் வந்தவர். கரையில் மீன் ஏலம் விடுகிற அம்மா. என் வயதுதான் இருக்கும். கணவர் கடலுக்குப் போகிறவர். மூன்று படகில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கூட்டத்தில் அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்களின் ஒலிவாங்கி தானாகவே அணைந்துவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

விதிமுறை எழுதவேண்டி வந்தது பெரம்பூர்க்காரரால். கடலில் கைபேசி நனையாமலிருக்க ஒரு நெகிழிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று செயலியில் ஒரு குறிப்பு சேர்க்கலாம் என்று பேச்சு வந்தது. எந்தப் பை நல்லது என்று கேட்டபோது அவர் ஒரு கடையைச் சொல்லிவிட்டு, “நம்ம மச்சான் கடைதான், அதயும் சொல்லிட்றேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று வாரம் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். அவ்வளவு உற்சாகமாக என் வாழ்நாளில் எதையும் எழுதியதில்லை. அடுத்தவன் செய்யக்கூடிய தப்பைப் பற்றி எழுதும்போது வாக்கியங்கள் என்னமாய் வந்து விழுகின்றன! குழு அதைப் படிக்காமலே ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

இதற்குச் சில மாதம் கழித்துத்தான் அந்த நிறுவனம் என்னைத் தேடி வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்துகொண்டு, காற்றையும் மழையையும் கணித்துத் துறைமுகங்களுக்கும் உப்பளங்களுக்கும் விற்கிறவர்கள். அவர்களுடைய கையேடுகளையும் அறிவிப்புகளையும் தமிழில் எழுதித்தர ஆள் வேண்டுமாம். மாதாமாதம் ஒரு தொகை. பதவிக்குப் பெயர் ‘மொழி ஆலோசகர்’. என்னை யாரும் அதுவரை எதற்கும் ஆலோசனை கேட்டதில்லை; வீட்டில் என்ன குழம்பு என்பதற்குக்கூட. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொகை ஏறக்குறைய அப்படியே விடுதிக்குப் போய்ச் சேர்ந்தது. மனைவியிடம் சொன்னேன். குழுவில் சொல்லவில்லை. அப்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு மாதம் போனது. ஒரு நாள் குழுவுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் செயலி அதுவரை பொதுவில் கிடைக்கும் இலவசத் தகவலை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எண்ணூர் முகத்துவாரமும் அதற்கு அப்பாலுள்ள ஆழ்கடலும் ஒரே கட்டத்துக்குள் வரும்; இரண்டுக்கும் ஒரே அலையைத்தான் சொல்லும். ஆனால் படகு கவிழ்வது முகத்துவாரத்தில்தான். இந்த நிறுவனத்திடம் முகத்துவாரத்துக்கென்று தனியாகக் கணிப்பு இருந்தது. ஒரு வருடம் அதை இலவசமாகத் தருவார்களாம். பதிலுக்குச் செயலி அவர்கள் தகவலை மட்டுமே காட்ட வேண்டும், அவர்கள் பெயர் மேலே இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குப் பிறகு என்ன என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கடிதம் தமிழில் இருந்தது. ‘தங்கள் மேலான பரிசீலனைக்குப் பணிவுடன் முன்வைக்கிறோம்’ என்று முடிந்தது. இன்னாருக்கு என்று இல்லாமல் பொதுவாக ஒரு கடிதம் வேண்டும் என்று போன மாதம் அவர்கள் கேட்டு நான் எழுதித் தந்த அதே வாக்கியம்.

“தமிழ் நல்லா இருக்கே” என்றார் பேராசிரியை, திரையில்.

“கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது” என்றார் பெரம்பூர்க்காரர்.

நான் என் ஒலிவாங்கி பழுதானதுபோல் கையால் சைகை காட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தை நான் விரிவாக எழுதப்போவதில்லை. அதிகம் பயந்தவனைப் பற்றிப் படிக்கச் சுவாரசியம் இருக்காது. நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். இந்த நான்கு பேர் என்னை நம்பினார்கள். வேறு யாரும் என்னை அந்த அளவுக்கு நம்பியதாக நினைவில்லை. அலுவலகத்தில் என் விடுப்புக் கடிதத்தையே இரண்டு முறை படிப்பார்கள். உண்மையைச் சொன்னால் அந்த நம்பிக்கை போய்விடும். சொல்லாமல் அவர்களாகவே கண்டுபிடித்தால் அதோடு முகமும் போய்விடும். நிறுவனத்தின் இணையதளத்தில் ஆலோசகர்கள் படம் எதுவும் போட்டிருக்கிறார்களா என்று தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். பெரம்பூர்க்காரர் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கவில்லை.

பதினோரு பக்கத்தையும் எடுத்து மறுபடி படித்தேன். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தன் விதியைத் தானே படிப்பது ஒரு தனி அனுபவம். நான்காவது பிரிவில் ‘ஊழியர்’ என்றிருந்தது. நான் ஊழியரா? இல்லை, ஆலோசகர். ஆறாவது பிரிவில் ‘கணிசமான தொகை’ என்றிருந்தது. விடுதிக் கட்டணம் கட்டியபின் மிச்சம் ஏதாவது நின்றதா? இல்லை. அப்படியானால் கணிசம் எங்கே? இப்படி ஒவ்வொரு பிரிவாக நான் வெளியே வந்துகொண்டிருந்தேன். பையை விற்ற மச்சானைப் பிடிக்கப் பின்னிய வலை அது. என் அளவுள்ள மீன் எத்தனை வேண்டுமானாலும் அதில் தப்பிக்கலாம் போலிருந்தது.

கடைசியில் எனக்கு ஒரு மகத்தான யோசனை வந்தது. நிறுவனத்துக்கு எதிராக வாக்களித்துவிடுவது! காசு கொடுக்கிறவனுக்கு எதிராகவே கை தூக்குகிறவனை யார் குறை சொல்ல முடியும்? நாளைக்கே விஷயம் வெளியே வந்தாலும், ‘பார், அப்படியிருந்தும் எதிர்த்தானே’ என்றல்லவா பேசுவார்கள். எனக்கு நானே கைகொடுத்துக்கொள்ளாத குறை.

இந்தத் தடவை கூட்டம் திரையில் வேண்டாம் என்று சொன்னது ஏலம் விடுகிற அம்மாதான்.

“இத்தினி நாளா பொட்டியில மூஞ்சி பாத்துக்கினு பேசினது போதும். இது படகு விசயம். எங்க கொட்டாய்ல வந்து குந்திப் பேசுங்கோ.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போனோம். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்ற சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால் குப்பம். வலை வைக்கிற கொட்டகையில் ஒரு பக்கம் வலைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். வடக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். ஜெர்மனித் தம்பியைக் கைபேசியில் அழைத்து, டீ ஃபிளாஸ்கில் சாய்த்து வைத்தோம். அவர் கண் மூடியிருந்த நிலையில் உறைந்தார். படகுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஓரமாக நின்றார்கள்.

எல்லோரும் உட்கார்ந்ததும் அந்த அம்மா, சாமி கும்பிடுகிற மாதிரி சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்.

“பங்கு கீறவங்கோ எயுந்துக்கலாம்.”

பேராசிரியைக்குப் புரியவில்லை. “அப்படின்னா?”

“எங்க ஊர்க் கூட்டத்துல இதான் வயக்கம் டீச்சர். ஒரு படகைப் பத்திப் பேச்சு வந்தா, அந்தப் படகுல பங்கு கீறவன் எயுந்து வெளிய பூடுவான். எத்தினி பங்கு, யாரு குடுத்தாங்கோ, ஒண்ணியும் கேக்க மாட்டோம். பூடணும், அவ்ளோதான்.”

“அவமானமா இருக்காதா?”

“அதுல இன்னா அவமானம்? பங்கு வச்சிக்கிறது தப்பா? என்க்கே மூணு கீது. வெளிய போறவனுக்குத்தான் முதல் டீ. உள்ள கீறவன் பேசிப் பேசி ஆறிப்போனதக் குடிக்கணும்.”

பெரம்பூர்க்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “என் மருமவன் அந்தக் கம்பெனியில வேலைக்கு எயுதிப் போட்டுக்கினு கீறாரு. இன்னும் கூப்ட்ல. கூப்ட மாட்டாங்கோன்னு நெனைக்கிறேன். இருந்தாலும் இருக்கட்டும்.” சொல்லிக்கொண்டே வெளியே போய், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்தார். ஒருவர் ஃபிளாஸ்கை எடுத்துத் திறந்து முதல் டீயை அவருக்குக் கொண்டுபோனார். முட்டு இல்லாமல் ஜெர்மனித் தம்பி பாயில் குப்புற விழுந்தார். எடுத்துத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்தோம்.

நான் எழுந்துகொள்ளவில்லை. பங்கு என்றால் லாபத்தில் பங்கு. எனக்கு லாபத்தில் பங்கு இல்லை. செய்த வேலைக்குக் கூலி. இந்த வித்தியாசத்தை விளக்கி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தால் அங்கேயே எழுதியிருப்பேன். கால்கள் மட்டும் மரத்துப்போயிருந்தன. பாயில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் என்று வைத்துக்கொண்டேன்.

பேச்சு தொடங்கியது. பேராசிரியை இரண்டு பக்கத்தையும் நியாயமாகச் சொன்னார். தகவல் நுணுக்கமானது, அது லாபம். ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டும், அது ஆபத்து. பிறகு என் முறை வந்தது. நான் பேசினேன் என்பதைவிட முழங்கினேன் என்பது சரி. தனியார் நிறுவனங்கள், லாப வேட்டை, கடல் எல்லோருக்கும் பொது என்று ஒரு சுற்று வந்தேன். ஓரமாக நின்ற படகுக்காரர்கள் மேடைப் பேச்சாளரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அந்த மரியாதையில் மயங்கித்தான் அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“இவங்க கணிப்பை எப்படி நம்புறது? போன கார்த்திகையிலே ரெண்டு நாள் இவங்க கருவி ஓடலை. முந்தின நாள் தகவலையே புதுசு மாதிரி காட்டிக்கிட்டிருந்தாங்க!”

 படகுக்காரர்களில் ஒருவர் ‘த்சொ’ என்று உச்சுக்கொட்டினார். புயல் மாதமான கார்த்திகையில் இரண்டு நாள் பழைய காற்று என்றால் அது அவர்களுக்கு என்னவென்று தெரியும்.

பேராசிரியை குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். “முக்கியமான விஷயம் சார். இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

குற்றம் சாட்டும் தொனியே இல்லை. தகவலின் மூலம் எது என்று கேட்கிறார். மாணவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. ஆனால் என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அந்தக் கோளாறுக்காக வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் அனுப்பிய மன்னிப்புக் குறிப்பைத் தமிழாக்கியவன் நான். உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும் விஷயத்தை வெளியே போட்டு உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு பக்கத்துக்கும் துரோகம் செய்வது சுலபமில்லை. எனக்குக் கைவந்தது.

“அவங்களுக்கு நான்தான் தமிழ் எழுதித் தர்றேன். எட்டு மாசமா. மாசாமாசம் பணம் வருது. அந்தக் கடிதமும் நான் எழுதினதுதான்.”

 தண்ணீர்க் குடத்தில் சாய்ந்திருந்த ஜெர்மனித் தம்பி அந்த நேரம் பார்த்து உயிர்பெற்று, “ஹலோ, ஹலோ, பங்கு இருக்கிறவங்க எல்லாம் எழுந்தாச்சா?” என்றார்.

முதலில் சிரித்தது ஏலம் விடுகிற அம்மாதான். அப்புறம் படகுக்காரர்கள். பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்போ இந்நேரம் நீ வெளிய குந்திக்கினு டீ குட்ச்சிருக்கணும் நைனா! உள்ள குந்திக்கினு இன்னா பண்ணிக்கினு கீறே?” அதுவரை என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எதிர்த்து ஓட்டுப் போடலாம்னுதான் உட்கார்ந்தேன்” என்றேன், அது என்னைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சமிருந்ததால். “அவங்ககிட்ட காசு வாங்கினாலும் அவங்களுக்கு எதிரா…”

அவர் சிரிப்பு நின்றது. “இன்னாது?”

சொன்னதைத் திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை சுருதி இறங்கியிருந்தது.

“அதாவது, அவங்க சொல்ற காத்து நல்ல காத்தா, கெட்ட காத்தா, அத்தப் பத்தி உன்க்குக் கவலை இல்ல. நீ நல்லவன்னு பேரு வாங்கணும், அத்தொட்டு வேணாம்னு சொல்வே. எங்க ஊட்டுக்காரரு முகத்துவாரத்துல எப்டி வேணா பூடட்டும். அப்டித்தானே?”

 இதற்கு என் பதினோரு பக்கத்தில் ஒரு பிரிவும் இல்லை. காசு வாங்கியவன் காசு கொடுத்தவனுக்குச் சாதகமாகப் பேசுவான் என்பதை மட்டுமே நான் யோசித்திருந்தேன். காசு வாங்கிய கூச்சத்தில் பாதகமாகப் பேசுகிறவனும் அதே காசை வைத்துத்தான் பேசுகிறான் என்பது, கையில் மூன்று படகின் பங்கு உள்ளவருக்கு உடனே தெரிந்தது.

“எயுந்து போ நைனா” என்றார், கோபம் இறங்கிய குரலில். “போய்க் குந்து. டேய், அவருக்கும் ஒரு டீ குடு.”

எழுந்தேன். கால் மரத்திருந்ததால் இரண்டு எட்டு நொண்டினேன். அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றபோது எனக்கு ஏற்பட்டதை வெட்கம் என்று எழுதத்தான் ஆசை. கௌரவமாக இருக்கும். உண்மையில் அது, பல் பிடுங்கியவனுக்கு மருத்துவமனை வாசலில் ஏற்படுகிற உணர்வு. மூன்று வாரமாகப் பயந்த அந்த நிமிடம் முடிந்துவிட்டது, நான் உயிரோடிருந்தேன், டீ சூடாக இருந்தது.

படகின் மேல் பெரம்பூர்க்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். உள்ளே நடந்ததெல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது.

“மாமு” என்றார். “என் மச்சான் பைக்கு பதினோரு பக்கம் எயுதினியே. உன்க்கு எத்தினி பக்கம் எயுதணும்?”

“மன்னிச்சுக்கோங்க.”

“நான் போன் பண்ணா எடுக்க மாட்டேன்ற. ஏதோ ஒடம்பு சரியில்லனு நெனச்சிக்கினு, இந்த மீட்டிங் முட்ச்சிட்டு உன் ஊட்டாண்ட வர்லாம்னு இருந்தேன். பேஜாரு புட்ச்ச ஆளுபா நீ.”

அவர் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன். உண்மை வெளிவந்தால் இவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று பல விதமாகக் கற்பனை செய்திருக்கிறேன். எதிலும் பிஸ்கட் இல்லை.

எங்கள் இருவரையும் வெளியே வைத்துவிட்டு மற்ற மூன்று பேரும் இருபது நிமிடத்தில் முடிவுக்கு வந்தார்கள். நான் இருந்த கூட்டங்கள் எதுவும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். நிறுவனத்தின் தகவலையும் பழைய இலவசத் தகவலையும் ஒரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது. இரண்டும் ஒத்துப்போகாத அன்றைக்குச் சிவப்பில் எச்சரிப்பது. ‘எங்களுடையதை மட்டுமே’ என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. நான் எதிர்த்து முழங்கி எதையும் சாதித்திருந்தால், அந்த முகத்துவாரக் கணிப்பு வர வழியே இருந்திருக்காது.

“கார்த்திகை மேட்டரு?” என்று பெரம்பூர்க்காரர் கேட்டார்.

“இவரு சொன்னார்னு எட்த்துக்கல. கம்பெனியையே எயுதிக் கேக்கப் போறோம்” என்றார் அந்த அம்மா. பிறகு என்னிடம் திரும்பினார். “அந்த வேலைய வுட்டுடுன்னு ஒர்த்தரும் சொல்லல. பொண்ணு படிக்குதுனு கேள்விப்பட்டேன். அங்க துட்டு வாங்கினா இங்க ஓட்டு போடாத. இங்க ஓட்டு வோணும்னா அங்க துட்ட வுடு. ஒரு வாரத்துல சொல்லு. முறச்சிக்கினு போவாத.”

மறுநாள் மதிய உணவு இடைவேளையில் நிறுவனத்தின் மேலாளரை அழைத்தேன். குழுவில் நான் இருப்பதையும், கார்த்திகைக் கோளாறை அங்கே சொல்லிவிட்டதையும் ஒப்புக்கொண்டு, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். மேலாளர் இளம் பெண். கொஞ்ச நேரம் குழம்பினார்.

“அதை நாங்க அப்பவே எங்க தளத்துல போட்டுட்டோமே சார். மன்னிப்புக் குறிப்பு. இப்பவும் இருக்கு. நீங்கதானே தமிழ்ல எழுதினீங்க?”

போய்ப் பார்த்தேன். முகப்புப் பக்கத்திலேயே இருந்தது. ஆலோசகர்கள் படம் இருக்கிறதா என்று மட்டும் தேடித் தேடிப் பார்த்தவன் கண்ணில் அது ஒரு நாளும் படவில்லை. ‘எப்படித் தெரியும்’ என்று கேட்டவுடன் ‘அவர்கள் தளத்தில் இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். நான் கையைத் தூக்கி எதிர்த்து வாக்களித்து, நல்லவனாக வீடு திரும்பியிருப்பேன். நான் அந்தப் பக்கத்தைப் படிக்காதது என் நல்ல காலம் என்பதை முழுதாக உணர ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த மணி நேரத்தில் ஒரு இறக்குமதிப் பட்டியலில் பருத்திநூலைப் பேரீச்சம்பழம் என்று எழுதிவிட்டேன்.

மேலாளர் இன்னொன்றும் சொன்னார், பாராட்டுகிற தொனியில். “நீங்க அந்தக் குழுவுல இருக்கீங்கன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும் சார். அதைப் பார்த்துதானே உங்களை அணுகினோம்.”

என் தமிழுக்காக வந்தார்கள் என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்கு நிஜமாகவே வலித்தது.

“குழுவிலிருந்து நான் விலகப்போறேன்” என்றேன். “அதுக்கப்புறம் என் தமிழ் வேணுமா?”

 “கேட்டுச் சொல்றேன் சார்.”

ஆமாம், நான் காசைத்தான் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். ஓட்டை விட்டேன். இதைப் படிக்கிறவர்கள் நேர்மாறாக எதிர்பார்த்திருக்கலாம். நானும் என்னிடம் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆனால் விடுதிக்கு என் உயர்ந்த உள்ளத்தைக் கட்டணமாகச் செலுத்த முடியாது. தவிர, அந்த ஓட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய இருந்தேன் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. குழுவுக்கு நான்கு வரியில் கடிதம் எழுதினேன்: காசு வருகிறது, ஓட்டு வேண்டாம், செயலியின் தமிழை முன்போல் பார்த்துக்கொள்கிறேன், நன்றி. ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். பெரம்பூர்க்காரர் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

நான்கு நாள் நிறுவனத்திடமிருந்து தகவல் இல்லை. அந்த நான்கு நாளும் மகளின் விடுதிக் கட்டண ரசீதை எடுத்து எடுத்துப் பார்த்தேன், மறுப்பதற்கில்லை. ஐந்தாம் நாள் மின்னஞ்சல் வந்தது. மாதத் தொகை இனிக் கிடையாது. ஆலோசகர் பதவியும் கிடையாது. எழுதித் தருகிற பக்கத்துக்கு இவ்வளவு என்று தருவார்களாம். கூடவே மூன்று கையேடுகள் இணைத்திருந்தார்கள். மாதத்துக்கு நாலைந்து வந்தால் பழைய தொகையில் முக்கால்வாசி தேறும். மிச்சத்தை அண்ணனிடம் கேட்கலாம். என் தமிழின் விலை என்னவென்று வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. முன்பு நினைத்ததைவிடக் குறைவுதான். ஆனால் அது தமிழுக்கு மட்டும் கொடுக்கிற விலை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை, டீ, பக்கக் கணக்கு எல்லாம். அவள் தூத்துக்குடிப் பக்கம். 

“அப்பம் ஓட்டுப் போடுத வேலை இனி இல்லை?”

“இல்லை.”

“ஞாயித்துக்கிழமை அந்தப் பெட்டி முன்னால மணிக்கணக்கா உக்காந்து தலையாட்டுததும் இல்லை?”

“இல்லை.”

“நல்லதாப் போச்சு. கீழ்த்தொட்டியில ரெண்டு மாசமாச் சேறு. வார ஞாயித்துக்கிழமை எறங்கிக் கழுவிருங்க.”

இறங்கினேன். குனிந்தால் மட்டும் நிற்க முடிகிற, தரைக்கடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி அது. வாளியில் சேற்றை அள்ளி மேலே நீட்ட, அவள் வாங்கி வாங்கித் தெருச் சாக்கடையில் கொட்டினாள். நாலு மணிவாக்கில் மேலே கழற்றி வைத்திருந்த சட்டைப் பைக்குள் கைபேசி அடித்தது. குழுக் கூட்டம் தொடங்கியிருக்கும். பழக்கத்தில் இணைப்பை எனக்கும் அனுப்பியிருப்பார்கள்.

“எடுக்கணுமா?” என்று அவள் மேலேயிருந்து கேட்டாள்.

“வேண்டாம், வாளியக் குடு” என்றேன்.